நாற்பத்து மூன்று போகம்

பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். இருபத்தேழு வருஷத்தில் ஆல்வின் இந்தத் தொகையை ஒரு நாளும் மறந்தவனில்லை. பெற்ற பெண்ணின் பிறந்த தேதியைக் கேட்டால் விரலை மடக்கி யோசிப்பான். இதைத் தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் கடைசி நாற்பது ரூபாய் வரை சொல்லுவான்.

கொடுத்தவர் திருமுக்கூடல் பக்கத்து விவசாயி ஏகாம்பரம். மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டையை மண்டியில் போட்டுவிட்டு வந்த காசு. மேல்துண்டில் முடிந்திருந்ததை அப்படியே அவிழ்த்துக் கொடுத்தார். எண்ணிப் பார்த்துக் கொடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. எண்ணியது ஆல்வின்தான், பஸ்ஸில் உட்கார்ந்து.

அதற்கப்புறம் அவன் ஓடிப்போனான். ஓசூர், பெங்களூர் என்று கலவைச் சட்டியோடு அலைந்து, பெண்சாதி செத்தபின் கைக்குழந்தை ஷாரோனைத் தூக்கிக்கொண்டு உத்திரமேரூர் வந்து ஒண்டினான். சொந்த ஊர் அங்கிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை. ஆனால் போக மாட்டான். வாலாஜாபாத்தில் வேலை என்றால்கூடப் பாலாற்றுப் பாலம் வழியாகப் போகாமல் காஞ்சிபுரம் சுற்றித்தான் போவான். ஏன் என்று கேட்டால், "அந்தப் பக்கம் பஸ்ஸு சரியில்ல" என்பான். பாலத்தை ஒட்டின முதல் வயலே ஏகாம்பரத்தின் வயல்.

இந்த வருஷம் கத்திரி வெயில் பிறந்த ஒன்பதாம் நாள். உத்திரமேரூரில் ஒரு மண்டபத்துக்கு மாடி எழும்பிக்கொண்டிருந்தது. மத்தியான சோற்றுக்கு எல்லோரும் சிமெண்டு மூட்டை அடுக்கின நிழலில் உட்கார்ந்தார்கள். சித்தாள் செங்கேணி போனைச் செங்கல்மேல் சாய்த்து வைத்துப் பாட்டுப் போட்டாள்.

முதலில் தகரம் தட்டுகிற சத்தம் வந்தது. டண். கொஞ்சம் விட்டு, டண். அப்புறம் ஒரு பொம்பளைக் குரல்.

"ஹேஏஏய்... போ, போ... ஹேஏஏய்!"

ஆல்வினின் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. அது அவன் அம்மா பாக்கியமேரியின் குரல். அம்மா செத்து இருபத்தைந்து வருஷம்.

குரலுக்குப் பின்னால் கிடார் வந்தது. எங்கே விழும் என்று காது எதிர்பார்க்கிறதோ அங்கே விழாமல் அரை மூச்சு தள்ளி விழுந்தது. பிறகு ஒரு இளவட்டம் பாட ஆரம்பித்தான். அந்தத் தொண்டையும் ஆல்வினுக்குத் தெரிந்த தொண்டைதான்.

"இன்னாம்மா பாட்டு இது?" என்றார் மேஸ்திரி பெருமாள். "நொண்டி மாடு நடக்கற மாதிரி கீது."

"நொண்டினாலும் இன்னா ஜம்முனு நடக்குது பாரு மேஸ்திரி. ஊரு பூரா இதான் ஸ்டேட்டஸ்ஸு. பழைய கேசட்டாம், 'வெயில் வண்டி'ன்னு பேராம். ரெகேன்னு போட்டுக்கீறாங்க."

"ரெகேன்னா?"

"எனக்கு இன்னா தெரியும்? வெயிலுக்கு நல்லாகீது, அவ்ளோதான்."

"பாடறவன் தொண்டையில மீன் முள்ளு மாட்டிக்கினு கீது."

"ஆமா, நீ பாடினா மட்டும் தேனு கொட்டுது. ஒயுங்கா துன்னு மேஸ்திரி." செங்கேணி ஆல்வின் பக்கம் திரும்பினாள். "இன்னாணா, பேய் அறைஞ்சா மாதிரி கீற? மொகம் வெளுத்துப்போச்சு."

"வெயிலு," என்றான் ஆல்வின். "அந்தப் போனைக் குடு."

பாட்டுக்குக் கீழே ஏதோ எழுதியிருந்தது. அவனுக்குப் படிப்பு முப்பத்தாறு வயசில் வந்தது, ஷாரோனின் மூன்றாங்கிளாஸ் புஸ்தகத்தோடு. எழுத்தை ஒவ்வொன்றாக மென்றுதான் முழுங்குவான். மென்றான்.

"இந்தக் கேசட்டில் பாடிய ஆல்வின் எங்கிருந்தாலும் திருமுக்கூடல் ஏகாம்பரம் வீட்டுக்கு வரவும். ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. இப்படிக்கு, பேத்தி பரிமளா."

இரண்டாம் தரம் படித்தான். எழுத்து மாறவில்லை. படிக்கத் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக நினைத்தான்.

அன்று சாயந்திரம் வரை கலவையில் தண்ணீர் கூடிப்போய் இரண்டு தரம் ஏச்சு வாங்கினான். ரோட்டில் எந்த வண்டி நின்றாலும் திரும்பிப் பார்த்தான். டீக்கடையில் அதே பாட்டு ஓடியது. செருப்புத் தைக்கிறவர் பக்கத்திலும் ஓடியது. இருபத்தேழு வருஷம் முன்னால் எழுபது பேர்கூடக் காசு கொடுத்து வாங்காத பாட்டு. அன்றைக்கு யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கினான். இப்போது ஒவ்வொரு காதையும் பொத்த வேண்டும்போல் இருந்தது.

நடந்தது இதுதான். அப்போது ஆல்வினுக்கு இருபத்து நாலு வயசு. ஏகாம்பரத்தின் பம்புசெட்டில் காவல். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிடார். வாலாஜாபாத்தில் கேசட் கடை வைத்திருந்த தாண்டவராயன் அவனுக்குக் கூட்டாளி. தாண்டவராயனின் மச்சான் கப்பலில் வேலை பார்த்தவன், ஏதோ தீவிலிருந்து அந்த ஊர் ரெகே பாட்டுக் கேசட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். அதைக் கடையில் போட்டபோது ஆல்வின் எழுந்து நின்றுவிட்டான்.

"டேய், இது எங்கம்மா தட்டற தகரம்டா!"

பாக்கியமேரி ஏகாம்பரத்தின் வயலில் காக்கா ஓட்டுகிறவள். விதை போட்ட இருபது நாள், காலையிலிருந்து இருட்டும்வரை, வரப்பில் நடந்து தகரம் தட்டுவாள். கால் மண்ணில் விழும்போது தட்ட மாட்டாள். தூக்கும்போதுதான் தட்டுவாள். "அடி நேரா விழுந்தா காக்கா பழகிக்கும்டா. எப்ப விழும்னு அதுக்குத் தெரியக்கூடாது," என்பாள்.

அந்த அடியை வைத்து எட்டுப் பாட்டுக் கட்டினான். அம்மாவின் சத்தத்தை வயலிலேயே டேப்பில் பிடித்தான். மெட்ராஸில் இரண்டு நாள் ஸ்டுடியோ, ஐந்நூறு கேசட், கலர் அட்டை. தாண்டவராயன் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பதினெட்டாயிரத்துச் சொச்சம் என்றான்.

ஏகாம்பரம் அந்தக் காசைக் கிணற்றில் ஊற்றுக்காகப் பக்கவாட்டில் துளைக்கிற சைடு போர் போட வைத்திருந்தார். பாட்டுக்கு என்றால் சிரித்திருப்பார். அதனால் ஆல்வின் அவர் காலைத் தொட்டுச் சொன்னான்: "எங்கம்மாவுக்கு வயித்துல கட்டி ஐயா. நாளைக்கே அறுக்கணுமாம்."

கேசட் போணியாகவில்லை. திரும்பி வந்த நானூற்று முப்பதையும் பம்புசெட் ரூமில் மோட்டாருக்குப் பின்னால் அடுக்கி, சாக்குப் போட்டு மூடிவிட்டு ஓடிப்போனான். இரண்டு வருஷம் கழித்து ஓசூருக்குச் சேதி வந்தது. பாக்கியமேரி செத்துவிட்டாள், வயிற்றில் கட்டி.

கடன் ஒரு பயம். இது வேறு பயம். தன் வாயால் சொன்ன கட்டி அம்மா வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது என்றே அவன் நம்பினான். எந்தச் சாமியாரிடமும், எந்த ஃபாதரிடமும் இதைச் சொன்னதில்லை.

இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்துகொண்டது. ஷாரோனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வாலாஜாபாத். சர்ச்சில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள்: இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று. இரண்டு ஓலை ஆகிவிட்டது. மூன்றாவது வருகிற ஞாயிறு, மாப்பிள்ளை ஊர் சர்ச்சில், ஏகாம்பரம் வீட்டிலிருந்து பஸ்ஸில் கால் மணி தூரத்தில். யாராவது எழுந்து நின்று, "பொண்ணோட அப்பன் நல்லா இருந்த அம்மாவ சாவப்போறான்னு சொல்லிக் காசு வாங்கினவன்" என்றால்? கடன் பாக்கி தடையில் சேருமா சேராதா என்று ஃபாதரைக் கேட்கலாம்தான். கேட்டால், ஏன் கேட்கிறாய் என்பார். கேட்காமலே வெந்தான்.

வீட்டுக்கு வந்தால் ஷாரோன் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அந்தப் பாட்டை முனகினாள்.

"வாய மூடு!"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அப்பன் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. கையை உதறிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"நைனா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப தூங்க வைக்கறதுக்கு நீ முனகுவியே, அதே மெட்டு. அது உன் கொரலா?"

அவன் ஆமாம் என்று தலையாட்டினான்.

"அப்ப அந்தக் கணக்கு பாக்கி?"

சொன்னான். கடனைச் சொன்னான், பொய்யைச் சொன்னான். கட்டி பற்றின பயத்தை மட்டும் சொல்ல நாக்கு வரவில்லை. ஷாரோன் ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"எவ்ளோ நைனா வட்டி?"

"அன்னிக்கு வட்டி பேசல. ஊரு வழக்கம் நூத்துக்கு மாசம் மூணு வட்டி. போட்டுப் பாத்தேன். வட்டி மட்டும் ஒரு லட்சத்து எண்பத்தோராயிரம் வருது."

"அம்மாடி! அதுக்கு என்னையே எடுத்துக்கச் சொல்லு." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. எழுந்து போய் அரிசி டின்னுக்குள்ளிருந்து கல்யாணத்துக்குச் சேர்த்த காசை எடுத்து வந்தாள். "மொதலையாவது குடுத்துட்டு வா. பிரியாணி போடலன்னா தக்காளி சோறு. அவங்க சர்ச்சுக்கு வர்றதுக்கு முன்னாடி நீ அங்க போயிடு."

முப்பத்தேழு ஐந்நூறு ரூபாய் நோட்டு, ஒரு நூறு, இரண்டு இருபது. ஒரு துணியில் முடிந்துகொடுத்தாள்.

சனிக்கிழமை காலை, இருபத்தேழு வருஷம் கழித்து, ஆல்வின் திருமுக்கூடல் பஸ்ஸில் ஏறினான். இறங்கினபோது மணி பதினொன்று. வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது. பாலாற்றில் மணல்தான் ஓடியது. வயல் ஓரமாக நடந்தவன் சட்டென்று நின்றான். காற்றில் ஏதோ முனகியது. ம்ம்ம்ம் என்று, பக்கத்தில் ஆள் இருக்கிறமாதிரி. சுற்றிப் பார்த்தால் யாரும் இல்லை. விதை போட்ட மல்லாட்டைக் கொல்லையில் குச்சிக்குக் குச்சி கடையில் வாங்கின சரிகை நாடா கட்டியிருந்தது, காக்கா வராமல் இருக்க. காற்றில் அதுதான் துடித்தது. வேலி முள்ளில் மட்டும் வேறு ஒன்று, நரைத்துப்போன பழுப்பு நாடா, ஒரு முழம் தொங்கியது. அவன் அதை உற்றுப் பார்க்கவில்லை. திரும்பி ஓடிவிடுவோமா என்றுதான் பார்த்தான். பஸ் போய்விட்டிருந்தது.

ஏகாம்பரத்தின் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். அந்த நாளில் நின்ற அதே இடத்தில் கால் தானாகவே போய் நின்றது.

"யாரு?" சின்னப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"ஆல்வின். கணக்கு பாக்கின்னு..."

"தாத்தா! வந்துட்டாரு! நெஜமாவே வந்துட்டாரு!" பரிமளா உள்ளே ஓடினாள்.

"உள்ள வரச் சொல்லு," என்றது ஒரு பொம்பளைக் குரல். ஏகாம்பரத்தின் மனைவி கோவிந்தம்மாள். அந்த வீட்டுக்கு உள்ளே அவன் போனதில்லை. அவன் அம்மாவும் போனதில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். நுனியில் உட்கார்ந்தான்.

ஏகாம்பரம் எதிரில் இருந்தார். எழுபத்தைந்து வயசு, ஒரு கண் புரை. குரல் மட்டும் அப்படியே.

"டேய் ஆல்வினு. அன்னிக்கு நீ கெடச்சிருந்தா கால ஒடிச்சிருப்பேன்டா."

"தெரியும் ஐயா."

"இன்னா தெரியும் உனுக்கு? போர் போடல. அந்தப் போகம் பூரா கருகிப்போச்சு. சைக்கிள் எடுத்துக்கினு ஊரூரா உன்னைத் தேடினேன், ஓசூர் வரைக்கும் ஆள் அனுப்பினேன். தெரியுமா?"

ஆல்வின் துணி முடிச்சை எடுத்துத் தரையில் வைத்தான். வியர்வையில் முடிச்சு இறுகியிருந்தது, அவிழவில்லை. "மொதல் அப்படியே கீது ஐயா. வட்டிக்கு நான் சாவற வரைக்கும் வந்து ஒயைக்கறேன். ஞாயித்துக்கெழம மட்டும்... ஓலை வாசிக்கறாங்க. என் பொண்ணு பாவம் ஐயா. சர்ச்சுல வந்து..."

"நான் எதுக்குடா சர்ச்சுக்கு வரேன்?" என்றார் ஏகாம்பரம், நிஜமாகவே புரியாமல்.

கோவிந்தம்மாள் குறுக்கே வந்தாள். "நீங்க கொஞ்சம் கம்முனு இருங்க. இவனைக் கூப்பிடச் சொன்னது நானு." ஆல்வினுக்கு எதிரில், தரையிலேயே உட்கார்ந்தாள். "உங்கம்மாவுக்கு ஆபரேசன்னு நீ சொன்ன மறுவாரம், நான் ஹார்லிக்ஸ் எடுத்துக்கினு உங்க வூட்டுக்குப் போனேன். அவ வாசல்ல வெறகு பொளந்துக்கினு இருந்தா. நான் 'இன்னாடி, வயிறு அறுத்தவ வெறகு பொளக்கற'ன்னேன். ஒரு நிமிசம் என்னையே பாத்தா. கோடாலிய வச்சிட்டு, அப்டியே வயித்தப் புடிச்சிக்கினு உக்காந்துட்டா. 'ஆமாம்மா, வலிக்குதும்மா'ன்னா. ஒரு மாசம் வயித்துல துணி கட்டிக்கினு படுத்திருந்தா. கூலி போச்சு. வாயத் தொறக்கல."

ஆல்வினின் காதில் வெயில் இரைந்தது.

"பம்புசெட்ல கேசட்டுப் பொட்டிங்களப் பாத்தப்புறம்தான் எங்களுக்கு வெளங்கிச்சு. எனக்கு அவ மேலதான் ஆத்திரம். பேச்ச வுட்டுட்டேன். ரெண்டு வருசம் கழிச்சு ஒரு நாள், வரப்புல வயித்தப் புடிச்சிக்கினு உக்காந்தா. 'அம்மா, வலிக்குதும்மா.' அதே மாதிரி. 'போடி, உன் நடிப்பெல்லாம் எனக்குத் தெரியும்'னு சொல்லிட்டு நான் வந்துட்டேன். பத்து நாள் இருந்தா." கோவிந்தம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நான் நம்பியிருந்தா ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டியிருப்பேன். அத யாருகிட்ட சொல்றதுன்னு தெரியாமதான் உன்னைக் கூப்புட்டேன்."

"நான்தான்மா சொன்னேன் கட்டின்னு," என்றான் ஆல்வின். இருபத்தைந்து வருஷமாக உள்ளே கிடந்தது தானாகக் கழன்று விழுந்தது. "என் வாயாலதான்மா அது வந்துச்சு."

"அட போடா. உன் வாய்ச் சொல்லு பலிக்கறதா இருந்தா ஒரு கேசட்டாவது வித்திருக்கும்," என்றார் ஏகாம்பரம்.

யாரும் சிரிக்கவில்லை. பரிமளா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கிழவர் நாற்காலியை முன்னால் இழுத்தார். "இவ கதை இருக்கட்டும். என் கணக்குக்கு வரேன். உன் பொட்டிங்கள மொதல்ல கொளுத்தத்தான் போனேன். நானூத்து முப்பது இருந்துச்சு, எண்ணினேன். உங்கம்மா போனப்புறம் காக்கா ஓட்ட ஆள் கெடைக்கல. கூலி கேக்கறானுங்க, தூங்கறானுங்க. சரின்னு ஒரு கேசட்ட ஒடச்சி நாடாவ இழுத்துக் கட்டினேன். காத்துல அது போட்ட சத்தத்துக்கு ஒரு காக்கா எறங்கலடா! வெயில்ல ஒரு போகம்தான் தாங்கும். அடுத்த போகத்துக்கு வேற. போகத்துக்குப் பத்து கேசட்டு. இன்னா ஆச்சு?"

"நாப்பத்து மூணு போகம், தாத்தா," என்றாள் பரிமளா.

"நாப்பத்து மூணு. கடைசிப் போகத்துக்கு ஒம்போதுதான் இருந்துச்சு, ஒண்ண என் வூட்டுக்காரி அரிசிப் பானையில ஒளிச்சி வச்சிருந்தா. அத லீவுக்கு வந்த பரிமளா எடுத்துப் போட்டு ஊரக் கூட்டிட்டா. போகட்டும், பத்துன்னே வச்சிக்கறேன். காக்கா ஓட்டற ஆளுக்கு அன்னிக்கு நாள் கூலி இருபது ரூபா. இருபது நாள். போகத்துக்கு நானூறு."

ஆல்வின் பேந்தப் பேந்த விழித்தான்.

"பதினேழாயிரத்து எரநூறு," என்றாள் பரிமளா.

"அத உன் கேசட்டு காக்கா ஓட்டிக் கழிச்சிடுச்சு. பாக்கி ஆயிரத்து நானூத்து நாப்பது. எடு."

"ஐயா, வட்டி..."

"வட்டி போட்டா உனக்கும் எனக்கும் ஆயுசு பத்தாது. எடுடா, ஆயிரத்து நானூத்து நாப்பது. அதுல ஒரு ரூபா குறைக்க மாட்டேன்."

கோவிந்தம்மாள், "அத வுட்டுடுங்களேன், கல்யாணம் வச்சிக்கீறான்," என்றாள்.

"வுட மாட்டேன். வுட்டா அவனுக்கு மறுபடியும் தூக்கம் வராது."

முடிச்சு அவிழ்ந்தது. மூன்று ஐந்நூறை எடுத்து நீட்டினான். வியர்வையில் நோட்டு ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. ஏகாம்பரம் ஒவ்வொன்றாகப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், நல்ல கண்ணால்.

பரிமளா உள்ளே போய்ப் பழைய டேப்ரிக்கார்டரை எடுத்து வந்து பட்டனை அமுக்கினாள். டண். கொஞ்சம் விட்டு, டண். அந்த வீட்டுக்குள் ஒரு நாளும் கால் வைக்காத பாக்கியமேரி கூடத்து நடுவில் நின்று கூவினாள்.

"ஹேஏஏய்... போ, போ..."

ஆல்வினுக்கு மறுபடியும் உடம்பு சிலிர்த்தது. ஆனால் இந்தத் தரம் எழுந்து ஓடத் தோன்றவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

"நாப்பது சில்லறை இருந்தா குடு," என்றார் ஏகாம்பரம். "நூறா தர்றேன்."

இரண்டு இருபதைக் கொடுத்தான். அவர் மடியிலிருந்து கசங்கின நூறு ரூபாயை எடுத்து, நீவி, அவன் கையில் வைத்தார்.

"தீந்துச்சு. போ. போறப்ப பாலத்து மேலயே போ, பஸ்ஸு அங்கதான் நிக்கும்."